கேட்டால் கொடுத்துவிடலாமா குழந்தையை?

போன வாரம் நான் தாய்மாமன் ஆனேன். மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தங்கை மலர்விழிக்குப் பெண் குழந்தை. மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் செம்மேட்டிலிருந்து அத்தனை வளைவுகளிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் இறங்கி, ஆசை ஆசையாய் வார்டுக்குள் நுழைகிறேன்... தொட்டில் காலி!

மலர் அசந்து தூங்குகிறாள். பக்கத்தில் அவளுடைய நாத்தனார் ராசாத்தி நிதானமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

“பாப்பா எங்க அம்மணி?”

“ஒரு அக்கா கேட்டாங்க, குடுத்தனுங்க.”

“எந்த அக்கா?”

“பேரெல்லாம் கேக்கலீங்க. ஆசையாக் கையை நீட்டினாங்க...”

“பேர்கூடத் தெரியாதவங்ககிட்டயா?” என்று கத்திவிட்டேன்.

ராசாத்திக்கு அதே மலையில் தேவனூர் நாடு என்கிற பகுதி. அவர்கள் பக்கத்தில், பிறந்த குழந்தையை யார் கை நீட்டிக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் பெரிய அவமரியாதை — ‘உன் கை ஆகாது’ என்று சொன்ன மாதிரி. ஊருக்குள் சரிதான். கேட்கிறவரின் வீடு, வாசல், வம்சம் எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியில்? பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாதே!

நான் போட்ட சத்தத்தில் சிஸ்டர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதல் வேலையாக வாசலுக்குக் குரல் கொடுத்தார். “வாட்ச்மேன்! கைக்குழந்தையோட யாரையும் வெளிய விடாதீங்க!”

அந்தச் சத்தத்தில் மலர் விழித்துக்கொண்டாள்.

“அண்ணா... எம்புள்ள எங்கண்ணா?”

தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

குழந்தை கிடைத்துவிட்டது. தாழ்வாரத்துக் கடைசி பெஞ்சில், ஒரு பெண்மணியின் மடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார்.

“எந் தங்கச்சி புள்ள கொறமாசத்துல பொறந்துருச்சுங்க. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. தொடக்கூட முடியல. அதான் இந்தச் சாமிய ஒரு வாட்டி மடியில வெச்சுக்கலாம்னு...”

திட்ட வேண்டும் என்றுதான் போனேன். முடியவில்லை.

சிஸ்டர் குழந்தையின் காலில் இருந்த அடையாளப் பட்டையையும் மலரின் கையில் இருந்த பட்டையையும் ஒத்துப்பார்த்த பிறகே குழந்தையை மலரிடம் கொடுத்தார். மலர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழ, ராசாத்தியும் அழ... சரி, நானும்தான்.

“அந்தம்மா நல்லவங்க. எல்லாரும் அப்படியே இருப்பாங்களா?” என்றார் சிஸ்டர். “பாப்பா எப்பவும் உங்க கண் பார்வையில இருக்கணும். ஊசி போடணும், எடை பார்க்கணும்னு நாங்களே வந்தாலும் யாரு, எதுக்குன்னு கேளுங்க. ஒருத்தர் கூடவே வாங்க. கையக் கழுவாம யாரும் தொடக்கூடாது. சளி, இருமல் இருக்கறவங்க உள்ளேயே வர வேண்டாம்.”

ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “கேக்கறவங்ககிட்ட இல்லேன்னு எப்புடீங்க சொல்றது?”

நியாயமான கேள்வி! நம்மில் பலருக்கும் இதே சிக்கல்தானே? யாராவது நம் செல்போனைக் கேட்டால், ‘எதுக்கு?’ என்கிறோம். பைக் சாவியைக் கேட்டால், ‘எங்கே போறே?’ என்கிறோம். குழந்தையைக் கேட்டால் மட்டும் ஒரு கூச்சம். அவர்கள் மனம் நோகுமாம்!

“சிஸ்டர் திட்டுவாங்கன்னு சொல்லிருங்க,” என்று சிரித்தார் சிஸ்டர். “பழி எம்மேல இருக்கட்டும்.”

மறுநாள் செம்மேட்டுக்காரர்கள் சிலர் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். வார்டுக்குள் கூட்டம் கூடாது என்று வாட்ச்மேன் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். ‘குழந்தையைக் கொண்டுவந்து காட்டுப்பா’ என்று ஒரே நச்சரிப்பு. நான் பெரிய மனுஷன் தோரணையில் உள்ளே போய்க் கையை நீட்டினேன். ராசாத்தி தொட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

“எங்கீங்க கொண்டு போறீங்க?”

“வாசல் வரைக்கும்தான் அம்மணி. ஊர்க்காரங்க பாக்கணுங்கறாங்க.”

“இல்லீங்க.”

“நான் தாய்மாமன்!”

“ஆமாங்க, யாரு இல்லேன்னா? பெத்தவ தூங்கறா. அவ எந்திரிச்சு, குடுன்னு சொல்லட்டும்.”

வெறுங்கையோடு வாசலுக்குத் திரும்பினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அவமானப்பட்டதே இல்லை!