ஹிக்கரிப் பால் பாயாசம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப் போட்டேன். எழுதினால் அந்த மரத்துக்கு இன்னும் கேடு வருமோ என்ற பயம்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால், எப்போதோ ஓர் அமெரிக்கக்காரர் நட்டுவிட்டுப் போன, வால்நட் இனத்து ஹிக்கரி மரம். புரட்டாசியில் கொட்டை உதிரும். பருப்பு நல்ல ருசி, நெய் மணம். ஆனால் ஓடு கல் மாதிரி. உடைத்தால் பருப்பு தூளாகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பங்களாச் சமையல்காரர்கள் ஊசியால் நோண்டி எடுத்துக் கேக்கில் போடுவார்கள். எங்களுக்கு அது குளிருக்கு எரிக்கிற சாமான். சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தோம்.

கல்யாணமாகி வெகுகாலம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஐப்பசியில் என் மனைவி கந்த சஷ்டி விரதம் இருந்தாள். தேங்காய்ப் பாலில் பாயாசம் வைத்து முருகனுக்குப் படைத்து, அதைக் குடித்துத்தான் விரதம் முடிப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம், மாட்டுப்பால் ஆகாது. விரத நாளெல்லாம் மழை. மலைப்பாதை சரிந்து லாரி எதுவும் மேலே வரவில்லை. பலசரக்குக் கடை பாயிடம் போய்க் கேட்டேன்.

“தேங்கா மலைக்குக் கீழ வத்தலக்குண்டுலயே கெடக்கு. நடந்து போய் எடுத்துட்டு வாங்க, அப்படியே எனக்கும் ரெண்டு,” என்றார்.

வெறுங்கையோடு திரும்பினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“மாட்டுப்பால்லயே வச்சிருவோம். சாமி ஒண்ணும் சொல்லாது,” என்றேன்.

“சாமி சொல்லாதுங்க. எனக்கு மனசு ஒப்பல.” பரணை நிமிர்ந்து பார்த்தாள். “அந்தக் கொட்டைய எறக்குங்க. ஓட்டோட இடிச்சுப் பாலெடுப்போம்.”

“வெள்ளைக்காரன் மரமாச்சே, படைக்கலாமா?”

“உருளைக்கெழங்கும் அவன் கொண்டாந்ததுதான். அதப் படைக்கிறோம்ல? வெரசா எறக்குங்க. நான் மயங்கி விழுந்தா நீங்கதான் பாயாசம் கிண்டணும். அத முருகனும் குடிக்க மாட்டாரு.”

உரலில் இடித்துக் கொடுத்தேன். அப்படியே கொதிநீரில் போட்டாள். ஓடு அடியில் தங்கியது. மேலே எண்ணெய்ப் பசையோடு வெள்ளையாகப் பால் கூடி வந்தது. வேட்டித் துணியில் வடிகட்டி, அரிசியும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சினாள். படைத்துக் கும்பிட்டோம். ஒரு டம்ளர் குடித்ததும் அவள் முகம் தெளிந்தது.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். வினையும் அதோடு பிறந்தது. அந்தப் பால் பிள்ளை கொடுக்கும் என்று ஊரில் சொன்னார்கள். பிறகு பட்டைக் கஷாயமே போதும் என்றார்கள். மலைக்கோடியில் இருக்கும் கிளாவரையிலிருந்தெல்லாம் வந்து பட்டையை உரித்தார்கள். மரத்தில் ஒரு பக்கம் பட்டுப்போன பிறகு முள்வேலி போட்டேன்.

பிள்ளை தந்தவன் முருகன். மரம் தந்தது, பசித்தவளுக்கு ஒரு டம்ளர் பாயாசம். அதுவும் அவன் கருணைதான். மிச்சமிருக்கும் பக்கம் இன்னும் காய்க்கிறது. அது பிழைக்க வேண்டும். இதை யாரிடமாவது சொல்வதானால், புண்ணியமாகப் போகும், ஒன்றும் கூட்டாமல் இப்படியே சொல்லுங்கள்.