சத்தம் போட்டுப் படிக்கிறவள்

"நல்லாக் கேளுங்கக்கா. இந்த நரம்பு கழுத்துல கெளம்பி, கை வழியா இறங்கி, முழங்கைக்குப் பின்னால எலும்பை ஒட்டிப் போகுது." ஓடுகிற சலவை இயந்திரத்தின் மேல் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, தன் முழங்கையையே தட்டிக் காட்டினாள். விடுதித் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த சலவைக்கார அக்கா நிமிராமலே கேட்டார்: "கதவுல இடிச்சா சுர்ருன்னு ஏறுமே, அதுவா?"

"அதேதான்!" என்று துள்ளினாள், முதலாண்டு மருத்துவ மாணவி.

சத்தம் போட்டுப் படித்தால்தான் இவளுக்கு மண்டையில் ஏறும். பள்ளி நாட்களில் இவள் படித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாடம் மனப்பாடமாகிவிடும். அப்படிப்பட்டவளுக்கு விடுதியில் வாய்த்தது நாலு பேர் அறை. மூச்சு சற்றுப் பலமாக வந்தாலே மூன்று தலைகள் திரும்பும். நூலகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாயை மூடிக்கொண்டு படித்தாள். உடற்கூறியலில் கோட்டை விட்டாள். "ஒழுங்கா உக்காந்து படிச்சாத்தானே!" என்றார் அப்பா, தொலைபேசியில். உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு ஒடிந்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுதேர்விலும் தவறினால் ஒரு வருடம் போச்சு. தோழிகளெல்லாம் மேலே போக, புதிதாக வருகிறவர்களோடு மறுபடி உட்கார வேண்டும்.

விடுதிச் சலவையறைக்குத் துணி போட வந்த ஒருநாள்தான், இந்த இரைச்சலில் தன் குரல் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று கண்டுகொண்டாள். அதன்பின் இரண்டு மாதம், வகுப்பு முடிந்ததும் ஜாகை இங்கேதான். அக்காவும் லேசுப்பட்டவர் அல்ல. "அந்த நரம்பு எங்கதான் போய்ச் சேருது? பாதியில விட்டுட்டியே" என்று குடைவார். பதில் தெரியாதபோது மட்டும் புத்தகம் நிமிரும்.

வாய்மொழித் தேர்வில், தலை நரைத்த பேராசிரியர் அதே நரம்பைக் கேட்டார். மடை திறந்தாற்போலக் கொட்டினாள். முடிக்கும்போது நாக்கு பழக்கதோஷத்தில் புரண்டது: "கதவுல இடிச்சா சுர்ருங்குமே, அதுதான்க்கா!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த ஆள்" என்றார். அவ்வளவுதான்.

முடிவு வரும்வரை நாலு நாள் கண் மூடவில்லை. "அக்கான்னு கூப்பிட்டதுக்கெல்லாமா ஃபெயில் போடுவாங்க?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

நேற்று மதியம் அறிவிப்புப் பலகையைப் பார்த்த கையோடு ஓடி வந்தாள்.

"பாஸாயிட்டேன்க்கா!"

"அதுக்கு ஏன்டி அழுவுற?"

"தெரியலையேக்கா..."

அப்பாடா என்று, மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளின் மேல் அப்படியே சாய்ந்தாள். "அழுக்குக் காலோட..." என்று அக்கா திட்ட ஆரம்பிப்பதற்குள் தூங்கிப்போனாள். இயந்திரம் அதுபாட்டுக்குத் தடதடத்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு விரிப்பை உதறி அவள்மேல் போர்த்தினார். துணிக்கூடையோடு பேசிக்கொண்டே உள்ளே நுழைந்த இரண்டு மாணவிகளைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.