மாட்டின் காதில் மஞ்சள் கம்மல்

எதிர்வீட்டுக்காரியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வாயில் முதலில் வசவுதான் வரும். வசவு அவளுக்கில்லை, அவள் புருஷனுக்கு. டவுனுக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். அரை ஏக்கர் நிலம் அவன் பெயரில் இருக்கிறது. உழுவது, விதைப்பது, களையெடுப்பது, காய்கறியைத் தலையில் சுமந்து போய் விற்பது எல்லாம் இவள். விதைக்குக் கடன் கேட்டுப் போனால், "நிலம் யார் பேர்ல இருக்கு? அவரை வரச் சொல்லுங்க" என்பார் பேங்க் மேனேஜர்.

"நானும் அவரைத்தான் தேடிக்கிட்டிருக்கேன் சார். உங்க கண்ணுல பட்டா எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். வாய்க்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

நிலத்தைக் காட்டிக் கிடைக்காத கடன், எங்கள் மகளிர் குழு மூலம் மாடு வாங்கக் கிடைத்தது. குழுக் கடனில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். எல்லோருடைய தவணையும் சேரும்வரை கூட்டத்தை விட்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது. கடன் போக மிச்சத்துக்குத் தன் கம்மலை விற்றாள். மாடும் கன்றும் வந்த அன்றே இன்ஷூரன்ஸ்காரர் வந்து, மாட்டின் காதைத் துளைத்து, நம்பர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் டேக் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். நாங்கள் சும்மா விடுவோமா?

"ஏன்டி, உன் கம்மலைக் கழட்டி மாட்டுக்குப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கட்டுமேக்கா. எனக்குச் சம்பாதிச்சுப் போட வேற யாரு இருக்கா?"

உண்மைதான். பால் காசில் தவணை போனது. மிச்சத்தில் விதை வாங்கினாள். வட்டிக்காரன் வீட்டு வாசலை மிதிக்காமல் அவள் நாற்று நட்டது அந்த முறைதான். வரப்பில் நின்று, "இது யாரு பணமும் இல்லக்கா, என் பணம்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

மழை பிடித்துக்கொண்டபோது மாட்டுக்குக் காது பழுத்தது. சீழ், ஈ, நாற்றம். டேக் அசைந்தாலே வலி. தலையைத் தூணில் முட்டி முட்டி அது கத்தும். மாட்டு டாக்டர் லீவில் இருந்தார். இவளால் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கத்தரிக்கோலால் டேக்கை வெட்டி எடுத்துவிட்டாள். புண்ணைக் கழுவி மருந்து போட்டாள். எங்களில் யாருக்கும் அது தப்பென்று தோன்றவில்லை. பிள்ளைக்குக் காது பழுத்தால் கம்மலைக் கழற்றத்தானே செய்வோம்? டேக்கையும் சோப்புப் போட்டுக் கழுவி, முன்பு தன் கம்மல் இருந்த டப்பாவில் பத்திரமாக வைத்தாள். காது ஆறியதும் இன்ஷூரன்ஸ்காரருக்குப் போன் செய்தாள். "அந்தப் பக்கம் வரும்போது போட்டுவிடறேன்" என்றார்.

அவர் வருவதற்குள் மாடு போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் வயிறு உப்பிக் கீழே விழுந்தது, உச்சி வெயிலில் மூச்சு நின்றது. அதற்கப்புறம்தான் மனுஷன் வந்தார்.

"டேக் எங்கம்மா?"

டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"கையில இருந்தா செல்லாதும்மா. காதுல இருக்கணும். இது இந்த மாட்டோடதுதான்னு நான் எப்படி எழுதறது?"

"காதுல ஓட்டை இருக்கு பாருங்க சார். உங்க கையால போட்ட ஓட்டைதானே?"

"ஓட்டைக்கெல்லாம் பணம் தர மாட்டாங்கம்மா."

அவரைப் பாவி என்று திட்டலாம். திட்டினேன். ஆனால் இன்ஷூரன்ஸ் விதியே அப்படித்தானாம்.

அடுத்த கூட்டத்தில் அவள் தவணையை நாங்கள் சேர்ந்து போட்டோம். அதற்கடுத்த கூட்டத்தில் முணுமுணுத்துக்கொண்டே போட்டோம். அதற்கப்புறம் யாரிடமும் காசில்லை. அவரவர் வீட்டில் அடுப்பு காத்துக்கிடக்கிறது, எழுந்து போகவும் முடியாது. "எங்க வயித்துல ஏன்டி அடிக்கற?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். கேட்டவளும் இவளைப் போலப் பாடுபடுகிறவள்தான். யாரை நோவது?

கட்டுப்பாட்டை மீறி இவள்தான் எழுந்தாள். போய்க் கன்றுக்குட்டியை ஓட்டிவந்து குழுத் தலைவி கையில் கயிற்றைக் கொடுத்தாள். விற்ற காசு கடனுக்கே போதவில்லை. மீதியை வட்டிக்காரனிடம் வாங்கிக் கட்டினாள்; அதற்கு ஈடாக, நட்ட நாற்றை அவனே விளைச்சலோடு எடுத்துக்கொண்டான். அந்த நிலம் இப்போது தரிசு. இவள் ஊரார் தோட்டத்தில் கூலிக்குக் களையெடுக்கிறாள். அந்த வாய் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் வம்புக்கிழுத்தாலும் "சரிக்கா" என்பாள், அவ்வளவுதான்.

போன மாதம் எனக்கு மாட்டுக்கடன் வந்தது. மஞ்சள் டேக்கும் வந்தது. நான்கே நாளில் காது பழுத்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்குத்தான் ஓடினேன்.

"அடியே, என்ன மருந்து போட்ட அன்னிக்கு? டேக்கைக் கழட்டாம புண்ணு ஆறாது போலிருக்கே!"

மாடு அவளை நோக்கித் தலையை நீட்டியது. எந்த மாடு தலை நீட்டினாலும் கழுத்தைச் சொறிந்துவிடுகிறவள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அழுகினா அழுகட்டும். கழட்டிராதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கழற்றவில்லை. மாடு இன்னும் தூணில் தலையை முட்டிக்கொண்டுதான் இருக்கிறது.