அமாவாசையில் வராத இளைப்பு

என் கணவருக்குப் பொன்னமராவதியில் நெல் அரைக்கும் மில்லில் வேலை. மெஷின் ஓடும் நாளெல்லாம் தவிட்டுத் தூசியில் அவருக்கு மூச்சு இளைக்கும். மில்லுக்கு அமாவாசைதான் லீவு. முதல் நாள் மத்தியானமே மெஷினை நிறுத்திவிடுவார்கள். மற்ற நாளில் போனால் கூலி போய்விடும் என்று, அமாவாசையன்றுதான் புதுக்கோட்டைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போவேன். அதற்குள் இளைப்பு அடங்கியிருக்கும். போன இடமெல்லாம் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சும்மா பயப்படுறாரு" என்று டானிக் எழுதினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னவர்களில் ஒருவர்கூட என்ன வேலை என்று கேட்கவில்லை.

போன மாதம் வேலைக்கு நடுவிலேயே மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டார். தலையெல்லாம் தவிடு. அப்படியே பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன்.

"இந்தத் தூசியிலயா வேல பாக்குறாரு? இத்தன நாளா ஏம்மா சொல்லல?" என்று முன்பு டானிக் எழுதிய டாக்டர் ஒருவர் என்மேல் எரிந்து விழுந்தார்.

"கேட்டாத்தானங்க சொல்றதுக்கு!" என்று நானும் கத்திவிட்டேன்.

அவர்தான் திருச்சியில் நெஞ்சு நோய்க்கென்றே இருக்கும் டாக்டருக்குச் சீட்டு கொடுத்தார். கூலி போனால் போகட்டும் என்று இப்போது மில் ஓடும் நாளில்தான் அங்கே போகிறோம். உள்ளே நுழைந்ததும் நோயைச் சொல்வதற்கு முன்னால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அமாவாசையன்று கோயிலுக்கு மட்டும் போகிறோம்.