திமிங்கில எண்ணெய்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

நான் ஸ்ரீனிவாசன், அஜ்மானில் எஞ்சினியர். ஐம்பது வயதில் ஆன்லைனில் எம்.ஏ. படிக்கிறேன். பிரிட்டிஷ் ராணுவம் போருக்குப் போர் அடிபட்டு எப்படித் தன்னை மாற்றிக்கொண்டது என்பதுதான் என் ஆய்வு. நான் எடுத்துக்கொண்ட பகுதி, வீரர்களின் பாதங்கள். சிரிக்காதீர்கள். சர்க்கரை நோயில் என் இடது பாதம் இரண்டு வருடமாக மரத்துக் கிடந்தது. கட்டைவிரலில் புண் வேறு. ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் ஷம்சியா சொல்லியிருந்தார்.

ஐம்பது வருடத்துக்கு முன் பிரிட்டிஷ் வீரர்கள் போரிட்ட ஊர் என்பதால் போன ஜூலையில் ஓமானின் சலாலா போனேன். அங்கே அது மழைக்காலம். மூடுபனி, தூறல், சேறு. தங்கிய லாட்ஜின் பின்கட்டில் அவர்கள் இருந்த அறை ஒன்று அப்படியே இருந்தது. நடத்துபவர் கௌஸ் முகைதீன், கீழக்கரைக்காரர். சாவியைக் கொடுத்தார்.

"உக்காந்து படிங்க சார். ஷூவ மட்டும் கழட்டாதீங்க."

"ஏன்?"

"தரை ஈரம்."

சேற்று ஷூவோடு அறைக்குள் போக எனக்கு மனம் வருமா? வாசலிலேயே கழற்றினேன். உள்ளே மேசையில் உட்கார்ந்தபோது மணி 3.10.

முதல் உலகப் போர்க்கால உத்தரவு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். பதுங்குகுழித் தண்ணீரில் பாதங்கள் அழுகின. ராணுவம் ஒரு வழி கண்டது. வீரர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தது. முதலில் ஒருவன் மற்றவனின் பாதத்தில் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும். பிறகு அடுத்தவன் முறை.

3.14. நாற்றம். காய்கிற மத்தி மீன் என்று நினைத்தேன். ஊரெங்கும் அதுதானே.

இல்லை. இது அழுகிய கொழுப்பு.

மூக்கைப் பொத்தினேன். வாயில் ருசித்தது.

3.17. சளக்... சளக்...

மேசைக்கு அடியில்.

இடது பாதத்தில் புண்ணுக்குப் போட்டிருந்த கட்டு தளர்ந்தது. யாரோ நிதானமாகப் பிரித்தார்கள்.

பிறகு விரல்கள். ஜில்லென்று. வழவழவென்று.

எதுவுமே தெரியாத பாதம் அது. எல்லாம் தெரிந்தது.

ஒவ்வொரு விரலிடுக்கிலும்... நுழைந்து... தேய்த்து...

நின்றது.

ஒரு பெருமூச்சு. என் மடிமேல் ஏதோ கனமாக ஏறியது.

குனியவில்லை. ஓடினேன்.

வாசலில் கௌஸ் முகைதீன் நின்றார். என் வெறுங்காலைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"எவ்வளவு நேரமா கூப்புடுறேன் சார்..."

"பத்து நிமிஷம்கூட ஆகல."

அவர் கைபேசியைக் காட்டினார். 4.05.

பாதத்தையும் கையையும் ஏழு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு நாள் கழித்து அஜ்மானில் டாக்டர் ஷம்சியா ஊசியால் பாதத்தைத் தொட்டார். துள்ளினேன். புண் காய்ந்திருந்தது.

"விரல் தப்பிச்சது. யார் டிரெஸ்ஸிங் பண்ணாங்க?" என்றவர் என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இடுக்கியை எடுத்து, கைக் கட்டைவிரல் நகத்துக்கு அடியிலிருந்து எதையோ உருவினார். தடியாக, வெள்ளையாக, ஊறிப்போன தோல். பத்து நகத்திலும் இருந்தது.

"இது பாதத்துத் தோல். உங்க கால்ல எங்கயும் உரியல," என்றார். "யார் காலைத் தேய்ச்சீங்க?"

அந்தக் கையால்தான் இரண்டு நாளும் சோறு பிசைந்து சாப்பிட்டிருந்தேன்.