அம்மா விட்ட ஐந்தடி

கோவில்பதாகையில் அப்பா வாங்கிய மனை, தெருவின் கடைசியில் தெருவையே அடைத்துக்கொண்டு கிடந்தது. தெருக்குத்து என்று யாரும் தொடாத மனை. அதன் பின்னெல்லையில் அடுத்த நகரின் தெரு வந்து முட்டியது. இரண்டு நகரையும் வேறு வேறு ஆட்கள் பிரித்து விற்றிருந்தார்கள். தெருக்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். மனை காலியாக இருந்தவரை எல்லோரும் அதன் குறுக்கே நடந்தார்கள். நாங்கள் வீடு கட்டிவிட்டால் மெயின் ரோடு சுற்றி அரை மணி நேரம்.

எனக்குத் தனி அறை என்று அப்பா சொல்லியிருந்தார். நான்காம் வகுப்பு முழுக்க அதைப் பரப்பிவிட்டேன். முளை அடித்து வீட்டுக்கு மார்க்கிங் போட்ட அன்று, பக்கவாட்டில் ஐந்தடி விட்டுக் கட்டும்படி அம்மா மேஸ்திரியிடம் சொன்னாள். அந்தப் பக்கத்து முளைகளைப் பிடுங்கி ஐந்தடி உள்ளே நட்டார்கள். போனது என் அறை.

"ரோட்ட ஊட்டுக்குள்ள உடுறியா?" என்றார் அப்பா.

"உள்ள இல்ல. பக்கத்துல."

மறுநாள் விடிந்ததும் போய், மூலையில் இருந்த முளைக்குச்சி ஒன்றைப் பிடுங்கிப் பழைய குழியிலேயே நட்டேன். ஒன்றை நகர்த்தினால் போதும் என்று நினைத்தேன். மேஸ்திரி வந்து நூலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நேத்து சதுரமா இருந்த ஊடு இன்னிக்கு கோணிகினு கீது?" பிறகு என் கை மண்ணைப் பார்த்தார். "பாப்பா, நீ மேஸ்திரி வேலைக்கு வந்துடு. என் ஆளுங்க இவ்ளோ சீக்கிரம் வர்றதில்ல."

சித்தாட்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. முளையைப் பிடுங்கி ஐந்தடி உள்ளே நட்டு, செங்கல்லால் நாலு அடி அடித்தாள்.

இப்போது வெள்ளானூர் வரை மனைகள் போட்டாகிவிட்டது. முட்டி நிற்கும் தெருக்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெரு முட்டவில்லை. கைப்பேசி வரைபடத்தில் இரண்டு நகரையும் சேர்க்கும் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அதைப் பெரிதாக்கிக் காட்டுவேன்.

அன்று, வீடு முடிந்து குடிபோன மறுநாள் காலை, அந்த ஐந்தடிச் சந்தின் நடுவில் கைகளை அகல விரித்து நின்றேன். கம்பெனி வேனுக்கு ஓடும் பெண்கள் எதிரே வந்தார்கள்.

"ஓரமா நில்லு, ஆள் வராங்க பாரு," என்றாள் அம்மா.

ஒதுங்கினேன். எங்கள் இடத்தில் நான் எதற்கு ஒதுங்க வேண்டும் என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை.