நான்கு விநாடி

இன்று காலை, பூந்தமல்லியைத் தாண்டி உள்ள பந்தயத் தடத்தில், மகன் என்னிடம் தன் கைபேசியைக் கொடுத்து, "அம்மா, ரெண்டு பேரோட நேரத்தையும் எடு" என்றான். அவன் நண்பனின் மஞ்சள் காரில் ஆளுக்கு ஒரு சுற்று. சூடான டயர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அப்போது ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஃபிட்டர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்குவார். அம்பத்தூரில் பட்டறை வைத்திருந்த சேகர் தன் சிவப்புப் பந்தயக் காரை அப்பாவிடம் சரிசெய்யக் கொண்டுவருவார். அப்பாவுக்கு அந்த எஞ்சின் சத்தமே கூலி. வாரம் முழுக்க அதற்குத்தான் காத்திருப்பார்.

ஒருநாள், கார்ப் பந்தயம் நடக்கும் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் சேகர், "அண்ணாத்தே, நீயும் ஒரு ரவுண்டு அடி" என்று சாவியைக் கொடுத்தார். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது.

"இன்னா பாப்பா, யாரு பாஸ்ட்டு?"

"அப்பாதான். உங்கள விட நாலு செகண்டு கம்மி."

"மாமே, உன் மெக்கானிக்கே உன்ன தூக்கிட்டாரு!" என்று அவருடைய நண்பர்கள் கத்தினார்கள். சேகரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவிக்குக் கை நீட்டினார்.

அதன்பின் கார் வரவில்லை. அப்பா ஏழு ஞாயிறுகள் சாக்கை விரித்தார். எட்டாவது ஞாயிறு அம்மா அதில் மிளகாய் காயப்போட்டாள். அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒருமுறை, "நாலுதானே? சரியா பாத்தியா?" என்று கேட்டார்.

இன்று என் மகன்தான் மூன்று விநாடி முந்தி.

"இன்னா ஆன்ட்டி, யாரு?" என்றான் நண்பன்.

"நீதான்ப்பா" என்றேன்.

மகன் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தான். "அம்மா தப்பா சொல்றாங்க. நான்தான்டா மச்சான்!"

நண்பன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சாவிக்குக் கை நீட்டினான்.